பின்னறைச் சுவரைப் பார்வையிட இயலவில்லை

வீட்டுக்குள் நுழைந்ததும் ரிப்போர்ட் சார் நேராகக் கழிவறைக்குப் போகிறார். கதவைச் சாத்தாமலே நின்று, தண்ணீர்த் தொட்டியின் பிடியை அழுத்திவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொள்கிறார். தண்ணீர் இறங்கி, கனைத்து, மறுபடி நிரம்பி அடங்கும்வரை அவர் முகத்தில் கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் கிடைத்தவரின் நிறைவு. அடங்கியதும், "பரவாயில்லை, லேசான இருமல்தான்" என்பார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

வயது அறுபத்திரண்டு. ஒல்லி. சட்டைப் பையின் வாய் எப்போதும் பிளந்தே இருக்கும். அதற்குள் ஒரு டார்ச், ஓர் அளவு நாடா, ஒரு பழைய கோலிக்குண்டு. கோலிக்குண்டு தரையின் சரிவைப் பார்ப்பதற்கு. நடுக்கூடத்தில் குனிந்து அதை வைப்பார். அது அசையாமல் நின்றால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். உருள ஆரம்பித்தால், அது சுவரைத் தொடுவதற்குள் நாலே எட்டில் ஓடிப் பிடித்துவிட்டு, "தரை கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கு" என்பார். முழங்கால் வலி என்று மாடிப்படிகளைத் திட்டுகிற மனிதர், குண்டு உருளும்போது மட்டும் பத்து வயசுப் பிள்ளை.

வீடு விற்கிறவர்கள் இவரைக் கூப்பிடுகிறார்கள். இவர் வந்து பார்த்து, இருபது, இருபத்தைந்து பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்கிறார். அது நீல நிற ஃபைலில் ஏறி, வாங்க வருகிறவர்களின் கையில் இலவசமாக வைக்கப்படுகிறது. வாங்க வருகிறவர்களுக்குச் சந்தோஷம் தாங்காது. "பார்த்தியா, நாம கேக்கறதுக்கு முன்னாடியே அவங்களே செக் பண்ணி வெச்சிருக்காங்க. நல்ல மனுஷங்க!" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தனியாக ஓர் ஆளை வைத்துப் பார்க்க நினைத்தவர்களும் அந்த நினைப்பை அங்கேயே இறக்கி வைத்துவிடுவார்கள். ஃபைலின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும்.

ரிப்போர்ட் சாருக்கு மூன்று சட்டங்கள் உண்டு. "நகர்த்த மாட்டேன், கழட்ட மாட்டேன், ஏற மாட்டேன்." அலமாரி நின்றால் நின்ற இடத்தில் நிற்கட்டும். மூடியிருக்கும் பலகை மூடியே இருக்கட்டும். வீட்டுக்காரர் ஏணி கொடுத்தால் மொட்டைமாடித் தொட்டியைப் பார்ப்பார். பதினொரு வருடத்தில் ஒருவரும் ஏணி கொடுத்ததில்லை. தொழில் தெரிந்த வீட்டுக்காரர்கள் முதல் நாளே போன் செய்து, "சார், பீரோவை எந்தப் பக்கம் வெச்சா உங்களுக்கு வசதி?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வதும் உண்டு. அவரும் மரியாதையாக, "உங்க வீடு, உங்க பீரோ. நான் யாருங்க சொல்றதுக்கு?" என்பார்.

அறிக்கையில் ஒரு பொய் இருக்காது. அதுதான் அவருடைய கர்வம். கூரை ஒழுகுகிறது என்று எழுத அவருக்கு மனசு வராது. 'கூரை மழையுடன் தொடர்பில் உள்ளது' என்று எழுதுவார். சுவர் ஊறிப்போயிருந்தால், 'சுவரில் பருவகாலத் தன்மை காணப்படுகிறது.' பார்க்காமல் விட்டவை எல்லாம் கடைசிப் பக்கங்களில், சின்ன எழுத்தில், 'பார்வையிட இயலவில்லை' என்று வரிசையாக நிற்கும். வீட்டின் வியாதி முழுவதும் அந்த வரிசையில்தான் படுத்திருக்கும். ஆனால் முதல் பக்கத்தில் வீட்டின் வண்ணப் படம் இருப்பதால் பத்தொன்பதாம் பக்கம்வரை போகிறவர்கள் குறைவு.

ஒரே ஒரு முறை அவர் நேரடியாக எழுதியிருக்கிறார். 'மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது, உடனே சரிசெய்யவும்.' அந்த வீட்டுக்காரரும் மறுநாளே ஆளை வைத்துச் சரிசெய்தார். விற்பவர் ஏற்பாடு செய்யும் பரிசோதனையாலும் நன்மை உண்டு என்பதற்கு இன்றுவரை அவர் சொல்லும் சான்று இதுதான். அந்தக் கைப்பிடியோடு சேர்ந்து நாலு படி உருண்டவர் அவரே என்பதை அவர் மனைவிதான் சேர்த்துச் சொல்வார்.

மனைவிதான் அறிக்கைகளை டைப் செய்கிறவர். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் கம்ப்யூட்டர்; இவர் எதிரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் இரண்டு விரலால் தட்டுவார். சாதாரண நாளில் கணவருக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'என்னங்க'. கோபம் வந்தாலோ குறும்பு வந்தாலோ, புரோக்கர்களைப் போல 'சார்'.

"சார், இந்த வீட்டுக்கு உள்ள போனீங்களா, இல்ல வாசல்லயே நின்னு விசாரிச்சுட்டு வந்துட்டீங்களா?"

"ஏம்மா, இதுல பொய்னு ஒரு வரி காட்டு, பார்ப்போம்."

"பொய் இல்லைங்க. உண்மைதான். அதுக்குக் கோட்டு மாட்டி, தொப்பி வெச்சு, கறுப்புக் கண்ணாடியும் போட்டு அனுப்புறீங்க. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது."

"யாரு கூப்பிடுறாங்களோ அவங்களுக்குத்தானே நான் வேலை பார்க்கணும்? ஆஸ்பத்திரில நோயாளிதானே டாக்டருக்குப் பணம் குடுக்கிறான்?"

"ஆமா, அங்க நோயாளிக்கு உடம்பை விக்கிற எண்ணம் இல்ல."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பதில் இல்லாதபோதெல்லாம் நேரமாகிவிடுவது அவருக்கு வழக்கம்.

ஊரார் வீட்டை எல்லாம் பார்த்த இவருக்குச் சொந்த வீடு கிடையாது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். ஏழு வாடகை வீடுகள். ஆறாவது வீட்டில் இவருடைய அம்மா படுக்கையில் விழுந்தார். ஆறு வருடம். புரட்டிப் படுக்க வைத்தது, துடைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் மனைவிதான். அந்த வீட்டுக்காரர் மட்டும் மாதம் ஒருமுறை வந்து, "எப்போ காலி பண்றீங்க?" என்று அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அப்போதிலிருந்து மனைவிக்கு ஒரே ஆசை. யாரும் காலி செய்யச் சொல்லாத ஒரு சமையலறை.

போன மாதம், விலைக்கு வந்த ஒரு வீட்டில் அது கிடைத்துவிட்டது. கிழக்கே ஜன்னல். நின்றுகொண்டே கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் அலமாரிகள். கழுவும் தொட்டிக்கு மேலே காலை வெயில். மனைவி இரண்டு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை நீல ஃபைலோடு வீட்டுக்கு வந்தார்.

"என்னங்க, திங்கக்கிழமை அட்வான்ஸ் கேக்கிறாங்க. ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. உங்க புரோக்கர்தான். நாம வாங்கறோம்னு தெரிஞ்சதும், 'அக்கா, சாரே பார்த்தா நல்லா இருக்காது, நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல'ன்னு வேற ஆளை வெச்சுப் பார்த்திருக்காராம்."

ரிப்போர்ட் சார் தலையை நிமிர்த்தினார். அந்தப் புரோக்கரைப் பதினொரு வருடமாக அவருக்குத் தெரியும். நியாயம் என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து அவர் கேட்டதே இல்லை.

"நீ படிச்சியா?"

"எதுக்கு? இருபத்தாறு பக்கம் இருக்கு. ரெண்டு கையெழுத்து. நல்லாத்தான் இருக்கும்."

அவர் மனைவியை உற்றுப் பார்த்தார். பதினொரு வருடம் அதே சின்ன எழுத்துகளைத் தன் விரலால் தட்டியவர், அதே நீல அட்டையைக் கண்டதும் ஊரார் போலவே தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். "நீயுமா?" என்று சிரித்தார். மனைவிக்கு முகம் சிவந்தது. "அந்தச் சமையலறையைப் பார்த்தா நீங்களும் படிக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழக்கப்பட்டவர் என்பதால், பின்பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது நிமிடம் தொடையில் ஓங்கி ஓர் அடி.

"திருட்டுப் பய! 'பருவகாலத் தன்மை'யை அப்படியே எடுத்துட்டான்! அது என் வரி!"

ஐந்தாவது நிமிடம் சத்தம் அடங்கியது. பேனாவை எடுத்துத் தன் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டார். மனைவி எட்டிப் பார்த்தார். எதிராளியின் அறிக்கையிலிருந்து ஒரு வரியைக் காப்பி அடித்துக்கொண்டிருந்தார்: 'பின்னறையில் உடல்நலமில்லாத முதியவர் ஒருவர் ஓய்வில் இருந்ததாலும், அவரைத் தொந்தரவு செய்வது மனிதத்தன்மை ஆகாது என்பதாலும், மேற்குச் சுவரைப் பார்வையிட இயலவில்லை.'

"எவ்வளவு அழகா இருக்கு பாரு. நான் பீரோவைத் தாண்டினதே இல்ல. இவன் மனிதத்தன்மை வரைக்கும் போயிட்டான்."

"அப்போ பின்னறைல ஏதோ இருக்குங்கிறீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே. பார்வையிட இயலவில்லைன்னுதானே..."

"சார்!" என்றார் மனைவி. "நம்மகிட்ட இருக்கிறது எல்லாம் இந்த ஒரு வீட்டுக்குள்ள போகப் போகுது. இன்னொரு வீடு வாங்கறதுக்கு நமக்கு இன்னொரு ஆயுசு கிடையாது. எழுந்திருங்க. போய்ப் பார்க்கலாம்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனார்கள். புரோக்கர் வாசலிலேயே நின்றிருந்தார். வழுக்கை, வாய் நிறையப் பல், இரண்டு கையிலும் போன். "வாங்க சார், வாங்க அக்கா! நம்ம சாருக்கே வீடு காட்டுற பாக்கியம்!" வீட்டுக்காரர் பின்னால் நின்று பணிவாகச் சிரித்தார். ரிப்போர்ட் சார் கழிவறைக்குப் போனார், இருமல் இல்லை. கோலிக்குண்டு நின்றது. சமையலறை ஜன்னலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மனைவி அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின்னறை வாசலில் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "எங்க அத்தை. மூணு மாசமா எழுந்திருக்க முடியலை."

அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டில். குளிர் அடிக்காமல் இருக்கவாம், சுவர் முழுவதும் ஒரு கனத்த கம்பளி தொங்கியது. கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஒரு கிழவி கண்ணை மூடிப் படுத்திருந்தார். அறையில் பவுடர் வாசனை. அதற்கும் அடியில், நனைந்த கோணிச் சாக்கின் வாசனை.

ரிப்போர்ட் சார் வாசற்படியில் நின்றார். செருப்பைக் கழற்றிய கால் உள்ளே போகவில்லை. பதினொரு வருடப் பழக்கம். இந்த மாதிரி இடத்தில் அது தானாகவே பிரேக் போட்டுவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பாவம், தூங்கட்டும்" என்றார். புரோக்கர் மூச்சை விட்டார்.

மனைவி உள்ளே போனார்.

நோயாளி அறைக்குள் நுழைந்ததும் எதைப் பார்க்க வேண்டுமோ அதை அவர் பார்த்தார். போர்வைக்கு வெளியே பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவர்களின் உள்ளங்கால் குழந்தையின் கன்னம் போல ஆகிவிடும்; வெடிப்பெல்லாம் உரிந்து, மினுமினுவென்று. இந்தக் குதிகாலில் கரடுமுரடாக வெடிப்பு. வெடிப்புக்குள் ஈர மண். பெருவிரல் நகத்தில் ஒரு புல் இதழ்.

"ஐயோ, மூணு மாசமா ஒரே பக்கமாவா படுத்திருக்காங்க?" என்றார் மனைவி, ஆஸ்பத்திரிக் குரலில். "புண்ணு வந்துடுமேங்க. நான் திருப்பிப் படுக்க வெக்கிறேன்."

"வேண்டாம் அக்கா, தொந்தரவு..." என்று புரோக்கர் தொடங்குவதற்குள் மனைவியின் ஒரு கை கிழவியின் தோளுக்கு அடியிலும், இன்னொரு கை இடுப்புக்கு அடியிலும் போய்விட்டது. ஆறு வருடம் பழகிய கை. இடுப்பில் அது சரியான இடத்தில் பிடித்தது.

"ஹிஹிஹி!" என்றது போர்வை. "விடும்மா! கூச்சமா இருக்கு! விடுடி அம்மா!" நோயாளி துள்ளி எழுந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முடியை ஒதுக்கிக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்னால இனிமே முடியாதுடா. நேத்து மட்டும் ஏழு பேரு. ஒவ்வொருத்தனுக்கும் அரை மணி நேரம் நான் சாகக் கிடக்கணுமா? செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவளை, 'அத்தை, படு, படு'ன்னு இழுத்துட்டு வந்து..."

"அத்தை!" என்றார் வீட்டுக்காரர்.

"என்னடா அத்தை? இந்தச் சுவத்துப் பக்கத்துல படுத்துப் படுத்து எனக்கு நெசமாவே சளி புடிச்சுடுச்சு."

மனைவி வாசலைப் பார்த்தார். "சார்," என்றார், "நகர்த்துங்க."

அவர் புரோக்கரைப் பார்த்தார். புரோக்கர் ஒரு போனைப் பார்த்தார். ரிப்போர்ட் சார் உள்ளே வந்து, கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். கிழவி இறங்காமலே, "இழுங்க, இழுங்க" என்று உற்சாகமாகச் சொன்னார். கட்டில் முனகிக்கொண்டு வந்தது. கம்பளியைத் தூக்கியதும் சுவர் தெரிந்தது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கறுப்பு, நடுவில் பச்சை, விளிம்பில் பவுடர் போல வெள்ளை உப்பு. அதன் மேல் இரண்டு கோட் பெயிண்ட் அடித்த அடையாளம், படுக்கைப்புண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டியது போல. ரிப்போர்ட் சார் விரல் கணுவால் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். சாப்பாட்டுத் தட்டளவு பூச்சு அவர் கால்விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. உள்ளே செங்கல் நசநசவென்றிருந்தது.

"குளியலறைக் குழாய் சுவத்துக்குள்ள போகுது," என்று அவர் தனக்குத்தானே சொன்னார். "வருஷக்கணக்கா விட்டுக்கிட்டே இருந்திருக்கு. அஸ்திவாரமும் ஊறியிருக்கும்."

"சார், ஒரு கோட் அடிச்சுக் குடுத்துடச் சொல்றேன்," என்றார் புரோக்கர். "நமக்குள்ள என்ன?"

மனைவி சுவரைப் பார்க்கவில்லை. அறைக்கு அப்பால், கூடத்தைத் தாண்டி, சமையலறையின் ஓரத்தில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார். "எழுத்துல வேண்டாம். வாயால சொல்லுங்க. வாங்கலாமா, வேண்டாமா?"

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருக்கும் பதில், 'அது என் அறிக்கையின் வரம்புக்கு உட்பட்டதல்ல' என்பது. மனைவியே ஆயிரம் தடவை டைப் செய்த வரி. அவர் வாயைத் திறந்தார். "பார்வைக்கு எட்டின வரைக்கும்..."

"சார்."

"வேண்டாம்மா," என்றார். "வேண்டாம்."

மனைவி தலையை ஆட்டினார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டார். சளி பிடித்த கிழவி, "துண்டு வேணுமா?" என்று தன் துண்டை நீட்டினார்.

அப்போது வாசல் மணி அடித்தது.

வீட்டுக்காரரும் புரோக்கரும் கண்ணிமைக்கும் நேரத்தில் வேலையை முடித்தார்கள். விழுந்த பூச்சு கட்டிலுக்கு அடியில் போனது, கட்டில் சுவரோடு போனது, கம்பளி இறங்கியது. "இன்னிக்கு எத்தனாவது தடவைடா?" என்று முனகிக்கொண்டே கிழவி படுத்தார். புரோக்கர் வெளியே ஓடி, இரண்டு பேரை அழைத்து வந்தார். ஹெல்மெட்டைக் கையில் மாட்டியிருந்த ஓர் இளைஞன்; கூட அவன் மனைவி, மார்போடு அணைத்த நீல ஃபைலோடு. இருவர் கண்ணிலும், சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களின் பளபளப்பு.

"இது பின்னறை. பெரியவங்களுக்கு முடியலை," என்றார் புரோக்கர். சொல்லும்போதே ரிப்போர்ட் சாரின் தோளில் கை போட்டு, காதோடு சேர்த்துச் சொன்னார்: "சார், அடுத்த வாரம் உங்களுக்கு மூணு வீடு வெச்சிருக்கேன். மறந்துடாதீங்க."

"ஐயோ, படுத்திருக்காங்க," என்றான் இளைஞன், வாசலிலேயே நின்று, கிசுகிசுப்பாக. "வேண்டாம், இங்கேருந்தே பார்த்துக்கறோம். ரிப்போர்ட்தான் இருக்கே."

ரிப்போர்ட் சார் தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துக் கீழே விட்டார். இளைஞனிடம் போனார். அவன் மணிக்கட்டைப் பிடித்து, கட்டிலருகே கூட்டி வந்தார். கிழவி கண்ணைத் திறக்காமலே காலை மடக்கி வழிவிட்டார். ரிப்போர்ட் சார் ஒரு கையால் கம்பளியை ஒதுக்கி, அவனுடைய உள்ளங்கையை விரித்துச் சுவரின் மேல் வைத்தார். அவன் பதறி எடுத்துவிடாதபடி, அதன் மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.